நெட் சுவிட்ச் வாங்கும் முன் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்

கம்பத்தில் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போய், "சுவிட்ச் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் லைட் போடுகிற சுவிட்சைத்தான் எடுத்து வைப்பார்கள். கம்ப்யூட்டர் கடையில் கேட்டால், "ஹப்பா? எத்தனை போர்ட்டு?" என்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல், "எட்டு போர்ட் இருக்கட்டும்" என்று வாங்கிப் போய், அடுத்த ஆறு மாதத்தில் இன்னொன்று வாங்க வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கம்பம், கூடலூர், லோயர்கேம்ப், மேலே குமுளி, வண்டன்மேடு என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பதினோரு வருடமாகக் கேபிள் இழுத்து வருகிறேன். வீடு, கமிஷன் கடை, ஹோம்ஸ்டே, ஏலக்காய் ஸ்டோர் எதுவாக இருந்தாலும், சுவிட்சைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடம் உங்கள் வீட்டு வாசல். கடைக்குப் போகும்போது முடிவு கையில் இருக்க வேண்டும். முதல் முறை வாங்குகிறவர்களுக்காக, நான் செய்கிற வரிசையிலேயே சொல்கிறேன்.

இந்தப் பெட்டி செய்கிற வேலை

ஃபைபர் இணைப்பு கொடுக்கும்போது ஒரு பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார்கள் அல்லவா, அதில் நெட் கேபிள் செருகுகிற நான்கு லேன் ஓட்டைகள் இருக்கும். போர்ட் என்பது இந்த ஓட்டையைத்தான். சிலதில் ஒன்றோ இரண்டோதான். டிவி, கம்ப்யூட்டர், கேமரா ரெக்கார்டர், மாடிக்கு ஒரு வைஃபை பெட்டி என்று செருகினால் அதோடு இடம் முடிந்தது. அந்த இடத்தைப் பெருக்கித் தருவதுதான் சுவிட்ச். இணைய வேகத்தை இது கூட்டாது. வெளியுலகத்தோடு பேசுகிற வேலை ரவுட்டருடையது, அதாவது அந்த ஃபைபர் பெட்டியுடையது. வீட்டுக்குள் இருக்கும் கருவிகளை ஒன்றோடொன்று சேர்ப்பது மட்டும் இதன் வேலை.

பழைய ஹப் தண்டோரா போடுகிறவர் மாதிரி. ஒரு போர்ட்டில் வந்ததை எல்லாப் போர்ட்டிலும் கூவும். சுவிட்ச் தபால்காரர் மாதிரி. எந்தக் கருவி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று தானே கற்றுக்கொண்டு, அந்தக் கதவை மட்டும் தட்டும். ஈதர்நெட்டுக்கு இப்படி ஒரு சுவிட்சை 1990இல் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனத்தின் பெயர் கல்பனா. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிக்கொண்டது. நம் வீட்டு மூலையில் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் பெட்டிக்குப் பின்னால் இப்படி ஒரு பெயர் இருப்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தரும் விஷயம்.

முதல் படி: தாள், பென்சில், ஒரு நடை

வீட்டைச் சுற்றி நடங்கள். இடத்தை விட்டு நகராத கருவி ஒவ்வொன்றையும் எழுதுங்கள். போன், லேப்டாப் வைஃபையில் ஓடும், அவற்றை எண்ண வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் எதிரே மூன்று விஷயம் குறியுங்கள்: ரவுட்டர் இருக்கும் இடத்திலிருந்து கேபிள் போகிற வழியில் எத்தனை மீட்டர், அந்தக் கருவிக்குக் கரண்ட் எங்கிருந்து வரும், கேபிள் கட்டடத்துக்கு வெளியே போகிறதா. கேபிள் சுவரோடு ஏறி, மூலை சுற்றிப் போகும். அந்த வழியைத்தான் அளக்க வேண்டும், நேர்க்கோட்டை அல்ல.

குமுளியில் மூன்று மாடி ஹோம்ஸ்டே ஒன்றை உதாரணமாக வைத்துக்கொள்வோம். மாடிக்கு ஒன்றாக மூன்று வைஃபை பெட்டி, ஆறு கேமரா, ஒரு ரெக்கார்டர், வரவேற்பில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஆகப் பன்னிரண்டு. ரவுட்டரிலிருந்து வரும் கேபிளுக்கு ஒரு போர்ட் வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பதின்மூன்று ஆயிற்று. அப்படியானால் பதினாறு போர்ட் என்று தோன்றும். இந்தக் கணக்கு பின்னால் மாறும், இப்போதைக்குத் தாளில் இருக்கட்டும்.

சாதாரண வீட்டில் டிவி, கம்ப்யூட்டர், ரெக்கார்டர், ரவுட்டர் என்று நான்குதான் வரும். ஐந்து போர்ட் போதும் என்று தோன்றினாலும் எட்டாக வாங்குங்கள். விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். ஒரு கேமரா கூடினால் திண்டாட வேண்டியதில்லை. அதற்காக வீட்டுக்கு இருபத்து நான்கு போர்ட் தேவையில்லை.

மாடியில் நான்கு கருவி இருந்தால் நான்கு கேபிள் இழுக்க வேண்டாம். ஒரே கேபிளை மேலே கொண்டுபோய் அங்கே ஒரு சின்ன சுவிட்ச் வைக்கலாம். ஆனால் சின்ன சுவிட்ச் எல்லாம் கீழே இருக்கும் தாய் சுவிட்சோடு நேராகச் சேர வேண்டும். ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டே போனால், நடுவில் ஒன்று அணைந்தாலும் அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் படுத்துவிடும்.

இரண்டாம் படி: வேகம்

பெட்டியின் மேல் 10/100 என்று போட்டிருந்தால் விநாடிக்கு நூறு மெகாபிட் வரை. 10/100/1000 என்று இருந்தால் கிகாபிட், அதாவது ஆயிரம் மெகாபிட். கணினியும் வைஃபை பெட்டியும் தொங்கப் போகிற சுவிட்ச் கிகாபிட்டாகவே இருக்கட்டும். 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு நடுவில் நூறு மெகாபிட் சுவிட்சை வைத்தால், வேகம் பார்க்கும்போது 94, 95க்கு மேல் ஏறாது. கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தும் பயனில்லை, தடை உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிறது.

கேமராவுக்கு மட்டும் நூறு மெகாபிட் தாராளம். ஒரு கேமரா பொதுவாக நான்கு மெகாபிட்டை ஒட்டித்தான் எடுக்கும். ஆறு கேமரா சேர்ந்தாலும் முப்பதைத் தொடாது. அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

2.5 கிகாபிட் சுவிட்சுகளும் இப்போது கிடைக்கின்றன. வீட்டுக்குள்ளேயே பெரிய வீடியோ கோப்புகளைச் சேமிப்புப் பெட்டியில் வைத்து எடிட் செய்கிறவர் அதைப் பார்க்கலாம். மற்றவர்கள் தாண்டிப் போங்கள். அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் 16 கிகாபிட் கொள்ளளவையும் தாண்டிப் போங்கள். எட்டுப் போர்ட், ஒவ்வொன்றும் போக ஒரு கிகாபிட், வர ஒரு கிகாபிட், எட்டிரண்டு பதினாறு. அவ்வளவுதான் அந்த எண்.

கேபிள் சரியில்லை என்றால் நல்ல சுவிட்ச் வாங்கியும் வீண். கேட் 5இ அல்லது கேட் 6 வகைக் கேபிள், உள்ளே முழுச் செம்பு. சந்தையில் அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசிய கேபிள் நிறைய ஓடுகிறது. பிளேடால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று கீழே வையுங்கள். கிகாபிட் ஓட எட்டுக் கம்பியும், அதாவது நான்கு ஜோடியும், உயிரோடு இருக்க வேண்டும். ஒரு ஜோடி அறுந்தால் பெரும்பாலும் சத்தமில்லாமல் நூறு மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். ஒரு கேபிளின் நீளம் முனைக்கு முனை 100 மீட்டரைத் தாண்டக் கூடாது.

மூன்றாம் படி: கரண்டை எப்படிக் கொண்டுபோவது

கேமரா சுவர் உச்சியில் இருக்கும், பிளக் பாயின்ட் இருக்காது. நெட் கேபிளிலேயே கரண்டையும் அனுப்புகிற முறைக்குப் பெயர் பிஓஇ. அப்படிக் கரண்ட் கொடுக்கும் சுவிட்ச் விலை கூடுதல். ஆனால் மலை மேல் இருக்கும் கட்டடத்துக்கு அந்தக் காசு வீண் போகாது. ஏணி போட்டு அடாப்டர் மாற்றுகிற வேலை மிச்சம்.

இதில் வகை உண்டு. 802.3ஏஎஃப் என்றால் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரும், கேபிளில் கொஞ்சம் கரைந்து கருவிக்கு 12.95 வாட் போய்ச் சேரும். 802.3ஏடி என்றால் 30 வாட், கருவிக்கு 25.5. சாதாரணக் கேமராவுக்கு முதல் வகை போதும். சுழலும் கேமராவுக்கும் பெரிய வைஃபை பெட்டிகள் சிலவற்றுக்கும் இரண்டாவது வேண்டும். இந்த எண் போட்ட சுவிட்ச், எதிர்முனையில் இருப்பது கரண்ட் கேட்கிற கருவிதானா என்று நாடி பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். அதில் கம்ப்யூட்டரைச் செருகினாலும் ஒன்றும் ஆகாது. பாசிவ் பிஓஇ என்று மலிவாகக் கிடைப்பது கேட்காமலே தள்ளும். தப்பான கருவியைச் செருகினால் புகைந்துவிடலாம். புதிதாக வாங்குகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

எட்டுப் போர்ட்டும் பிஓஇ என்று போட்டிருந்தாலும், எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் இத்தனை வாட்தான் என்று ஒரு வரம்பு இருக்கும். முதல் முறை வாங்குகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. சின்ன எழுத்தில் 65 வாட் என்று இருக்கும். நம் ஹோம்ஸ்டேக்குத் திரும்புவோம். கேமராவுக்கு 7 வாட், ஆறுக்கு 42. வைஃபை பெட்டிக்கு 13 வாட், மூன்றுக்கு 39. மொத்தம் 81. எல்லாவற்றையும் 65 வாட் சுவிட்சில் தொங்கவிட்டால் பகலில் ஓடிவிடும். இருட்டியதும் கேமராக்களின் இன்ஃப்ராரெட் விளக்கு எரியத் தொடங்கும், அப்போதுதான் முழு வாட்டையும் இழுக்கும். ஒவ்வொரு கேமராவாக அணைந்து அணைந்து வரும். கேமராவில் கோளாறு என்று நினைத்து மாற்றினாலும் தீராது.

தாளில் எழுதிய பதினாறை இங்கேதான் மாற்றுகிறோம். ஒன்றை வாங்குவதற்குப் பதில் இரண்டு வாங்கலாம். கேமராக்களுக்கு எட்டு பிஓஇ போர்ட்டும், ரெக்கார்டரையும் அடுத்த சுவிட்சையும் சேர்க்க இரண்டு கிகாபிட் மேல்போர்ட்டும் (அப்லிங்க்) உள்ள நூறு மெகாபிட் சுவிட்ச், 65 வாட். ரெக்கார்டரை ஒரு மேல்போர்ட்டில் செருகினால் கேமராப் படம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே சுற்றும், விருந்தினர் வைஃபையைத் தொடாது. மற்றது எட்டுப் போர்ட் கிகாபிட், அதில் நான்கு பிஓஇ, 60 வாட்டை ஒட்டி. மூன்று வைஃபை பெட்டி, கம்ப்யூட்டர், பிரிண்டர், ரவுட்டர், கேமரா சுவிட்ச் என்று ஏழு போர்ட் நிரம்பி ஒன்று மிச்சம். வாட் கணக்கில் இரண்டுக்குமே மூச்சு விட இடம் இருக்கிறது. கூட்டிய வாட்டுக்கு மேல் கால் பங்காவது கூடுதல் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. ரவுட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் குட்டி யுபிஎஸ்ஸில் பிஓஇ சுவிட்ச் ஓடாது. அதன் அடாப்டர் 48 வோல்ட்டோ அதற்கு மேலோ தரும் வகை. கரண்ட் போகும்போதும் கேமரா ஓட வேண்டும் என்றால் சுவிட்சின் பிளக் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

நான்காம் படி: இடி

சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியம் தாண்டி மலையில் இறங்கும் இடியைப் பற்றி இந்தப் பக்கத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து வந்து கடை வைத்தவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே சுவிட்ச் பழுதாகி வருவதில், என் கைக்கு வந்தவரை, வயதானதால் போனதைவிட மின்னலில் போனதே அதிகம்.

கம்பம்மெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டம். வீட்டிலிருந்து எழுபது மீட்டர் தள்ளி ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோர். போடிக்கோ புற்றடிக்கோ ஏல விற்பனைக்கு மூட்டை போகும்வரை சரக்கு அங்கேதான் கிடக்கும், அதனால் நான்கு கேமரா கேட்டார்கள். தூரம் நூறு மீட்டருக்குள்தானே என்று காப்பித் தோட்டத்து மரங்களில் கட்டி நெட் கேபிளையே இழுத்துக் கொடுத்தேன். அந்த ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி விழுந்தது. விழுந்தது பக்கத்து எஸ்டேட்டுச் சில்வர் ஓக் மரத்தில். எங்கள் கேபிளைத் தொடக்கூட இல்லை. இருந்தும் ஸ்டோர் சுவிட்ச், வீட்டுச் சுவிட்ச், ரெக்கார்டர், இரண்டு கேமரா எல்லாம் ஒரே நொடியில் போயின. வீட்டுக்காரம்மா, "தம்பி, மரத்துல விழுந்த இடிக்கு எங்க வீட்டுப் பொட்டி ஏன் செத்துச்சு?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடிக் கற்றுக்கொண்ட பிறகுதான் என் வேலை மாறியது.

காரணம் இரண்டு. பக்கத்தில் பாயும் மின்னல், நீளமான செம்புக் கம்பியில் தொடாமலே மின்னழுத்தத்தைத் தூண்டும். அதோடு, இடி இறங்கிய நொடியில் இரண்டு கட்டடங்களின் எர்த்தும் ஒரே அளவில் இருப்பதில்லை. அந்த வித்தியாசம் இடையில் இருக்கும் கேபிள் வழியாக ஓடித் தன்னைச் சமன் செய்துகொள்ளப் பார்க்கும். ஈதர்நெட் போர்ட்டுக்குள் 1,500 வோல்ட்டைத் தாங்கும் காப்பு வைத்திருக்கிறார்கள். மின்னலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அதனால் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகிற கேபிள் ஃபைபராக இருக்கட்டும், தூரம் பத்து மீட்டராக இருந்தாலும் சரி. கண்ணாடி இழையில் கரண்ட் பாயாது. இதற்கு எஸ்எஃப்பி ஓட்டை, அதாவது ஃபைபர் முனையைப் பொருத்துகிற ஓட்டை, உள்ள சுவிட்சை இரண்டு பக்கமும் வாங்கலாம், அல்லது சாதாரண சுவிட்சோடு, ஃபைபரை நெட் கேபிளாக மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் என்கிற குட்டிப் பெட்டியை முனைக்கு ஒன்றாக வைக்கலாம். ஒற்றை இழையில் ஓடுகிற வகையில் ஒரு முனைக்கு ஏ, மறு முனைக்கு பி என்று ஜோடியாகத்தான் வரும். இரண்டும் ஏவாக வாங்கினால் ஓடாது. இழையை ஒட்ட மெஷின் வேண்டும், அது ஊர் கேபிள் டிவிக்காரரிடமே பெரும்பாலும் இருக்கும். சில ஃபைபர் கேபிளோடு தாங்குவதற்கு ஓர் இரும்புக் கம்பி சேர்ந்து வரும். அதை வெளிச் சுவரிலேயே கட்டி நிறுத்திவிட்டு இழையை மட்டும் உள்ளே எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் செம்பைத் தவிர்த்துவிட்டு இரும்பில் இடியை உள்ளே அழைத்த மாதிரி ஆகிவிடும்.

அந்தத் தோட்டத்து வேலையை என் செலவில் பாதி போட்டு ஃபைபரில் மாற்றிக் கொடுத்தேன். பிறகு எத்தனையோ இடி பார்த்துவிட்டது, இன்றுவரை ஓடுகிறது.

சுவிட்ச் உலோகப் பெட்டியாக இருந்து, பின்னால் எர்த் திருகு இருந்தால் அதை வீட்டு எர்த்தோடு சேருங்கள். எர்த்தே சரியில்லாத பழைய கட்டடமாக இருந்தால் முதல் செலவு அதற்குத்தான், சுவிட்ச் அப்புறம். வானம் கருத்தால் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்குவது இன்றும் நல்ல பழக்கம். பட்டனை அணைத்தால் மட்டும் போதாது, சுவரிலிருந்து கழற்ற வேண்டும்.

ஐந்தாம் படி: மேனேஜ்டா, சும்மாவா

வீட்டுக்குச் சும்மா செருகினால் ஓடுகிற வகை போதும். விருந்தினருக்கு வைஃபை தருகிற ஹோம்ஸ்டே, வாடிக்கையாளர் போனை இணைக்கிற கடை, கணக்குக் கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீஸ் என்றால், உள்ளே போய் அமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்மார்ட் மேனேஜ்ட் வகையை எடுங்கள். விலான் என்கிற வசதியால் ஒரே சுவிட்சை உள்ளுக்குள் தனித்தனி அறைகளாகத் தடுக்கலாம். அறையில் தங்கியிருப்பவரின் போனுக்கு உங்கள் கேமராவும் பில் போடுகிற கம்ப்யூட்டரும் கண்ணில் படாது. ரவுட்டரும் வைஃபை பெட்டியும் விலானைப் புரிந்துகொள்கிறவையாக இருக்க வேண்டும், அதையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியவுடன் அதன் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

ஒரு கமிஷன் கடையில் பெருக்கித் துடைத்தவர், தரையில் தொங்கிய கேபிள் முனையைப் பார்த்து, கழன்றுவிட்டதாக்கும் என்று நல்லெண்ணத்தில் சுவிட்சில் செருகினார். அதன் மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது. தகவல் வட்டமாகச் சுற்றிச் சுற்றிப் பெருகி, கடை முழுக்க நெட் நின்றுபோனது. நான் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. இந்த வளையத்தைத் தானே கண்டுபிடித்து அடைக்கிற வசதி மேனேஜ்ட் சுவிட்சில் இருக்கும். மலிவு வகைகளிலும் சிலவற்றில் உண்டு, பெட்டியில் தேடிப் பாருங்கள்.

ஆறாம் படி: கடையில்

விசிறி இல்லாத சுவிட்சாகப் பாருங்கள். சத்தம் இருக்காது, தூசியை உள்ளே இழுக்காது. சாரல் காலத்தில் மலையில் எல்லாமே ஈரம். விசிறியும் வெளியிலிருந்து ஈரத்தை இழுத்தால் உள்ளே சீக்கிரம் களிம்பேறும். டிபி-லிங்க், டி-லிங்க், நெட்கியர் என்று பெயர் எதுவாக இருந்தாலும், கேட்க வேண்டியது உத்தரவாதம் எத்தனை வருடம், சர்வீஸ் எங்கே என்பதுதான். கம்பத்தில் வாங்கினால் மதுரைப் பக்கம் அனுப்புவார்களா, குமுளியில் வாங்கினால் கோட்டயம் பக்கமா என்று கேளுங்கள், உங்களுக்கு எந்தப் பக்கம் போய்வர வசதியோ அங்கே வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் எண் எழுதியிருக்கட்டும். அடாப்டரைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

ஏழாம் படி: மாட்டுவது

தரையில் வைக்காதீர்கள். பீரோ மேலும் வேண்டாம், அங்கே பல்லியும் எறும்பும் கதகதப்புத் தேடி வரும். சுவரில் ஆள் உயரத்தில், காற்றோட்டமாக, சமையலறைப் பக்கம் போகாமல் மாட்டுங்கள். முதலில் ரவுட்டர் கேபிளைச் செருகி விளக்கைப் பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகுங்கள். கிகாபிட்டுக்கு ஒரு நிறம், நூறுக்கு ஒரு நிறம் என்று பல சுவிட்சுகளில் உண்டு, எது எதற்கு என்று கையேட்டில் இருக்கும். கிகாபிட் கருவிக்கு நூறின் நிறம் எரிந்தால் கேபிள் முனையில் கிளிப்பைத் திரும்ப அழுத்திப் பொருத்தச் (கிரிம்ப்) சொல்லுங்கள், அன்றைக்கே, கேபிள்காரர் ஏணியை மடக்கும் முன்.

கேமராவை இருட்டிய பிறகு ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் வேலை செய்தவருக்கு முழுக் காசையும் கொடுங்கள். கேபிள் ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டி, எங்கே போகிறது என்று இரண்டு முனையிலும் எழுதுங்கள். முதல் படியில் எழுதிய அந்தத் தாளை மடித்து சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பழுது பார்க்க அடுத்து வருகிறவர் அதைத்தான் முதலில் கேட்பார்.